சராசரியை நம்பிக் கெட்ட ரிசீவர்

கம்பியில் வரும் சிக்னல் இரைச்சலைவிட 25 டெசிபல் பலமாக இருக்கிறது என்று மீட்டர் காட்டுகிறது. பத்து பாக்கெட் அனுப்பினால் எட்டு செத்துப்போகிறது. இரண்டு வாரம் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் குடியிருந்தேன். 16-கியூஏஎம் (ஒரு தடவைக்கு நான்கு பிட்டாக அனுப்பும் முறை) ஓட்டுவதற்கு 25 டெசிபல் தாராளம், பாடப்புத்தகத்தை எடுத்து எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் பிழை வரவே கூடாது. நானும் வரைபடத்தைப் பார்ப்பதும் மீட்டரைப் பார்ப்பதும் கேபிள் கனெக்டரைத் திருகிப் பார்ப்பதுமாக இருந்தேன்.

அமைப்பு ரொம்ப எளிது. ஒரு முறுக்கு ஜோடிக் கம்பி, வினாடிக்கு 10 லட்சம் பிட், ஒவ்வொரு பாக்கெட்டும் 1000 பைட், அதாவது 8 மில்லிவினாடி. 'வந்து சேர்ந்தது' என்ற ஏசிகே பதில் வராவிட்டால் மூன்று தடவை வரை திரும்ப அனுப்பும். கம்பி போகும் அதே குழாயில் ஒரு ஹீட்டரின் பவர் கேபிளும் போகிறது, அந்த ஹீட்டரைக் கட்டுப்படுத்துவது ஒரு தைரிஸ்டர், மின்சாரத்தைத் திறந்து மூடும் செமிகண்டக்டர் ஸ்விட்ச். (கேபிளை வேறு வழியில் இழுக்க வேண்டியதுதானே என்று கேட்கப்போகிறீர்கள். குழாய் கான்கிரீட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.)

துப்பு கிடைத்தது மறு அனுப்புதல் கணக்கில். ஒரு பாக்கெட் தோற்கும் வாய்ப்பு 81 சதவீதம் என்று லாக் சொன்னது. சரி, ஒவ்வொரு முயற்சியும் தனித்தனி அதிர்ஷ்டம் என்றால் நான்கு முயற்சியும் தோற்கும் வாய்ப்பு 0.81-ஐ நான்கு தடவை பெருக்கினால் வரும் 0.43. மீதி 57 சதவீதம் பாக்கெட்டாவது கடைசியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தது 20 சொச்சம்தான். முதல் முயற்சியில் போனது போனது, போகாதது நான்கு தடவை அனுப்பினாலும் போகவில்லை. இரைச்சல் என்பது நினைவில்லாத ஒன்று, இந்த நொடியில் அடித்தது அடுத்த நொடியில் அடிக்குமா என்பதற்குச் சம்பந்தமே இல்லை என்றுதான் நாம் படித்து வந்திருக்கிறோம். இங்கே இரைச்சலுக்கு நினைவு இருந்தது. என்னைவிட நல்ல நினைவு.

அப்புறம்தான் ஆசிலோஸ்கோப்பை எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். திரையில் நேரத்தை அகலமாக விரித்துப் பார்த்தால் சீராக, கடிகாரம் வைத்த மாதிரி, 10 மில்லிவினாடிக்கு ஒரு முள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் தைரிஸ்டர் ஒரு தடவை திறக்கும், ஆக வினாடிக்கு 100 அடி. ஒரு முள்ளை மட்டும் பெரிதாக்கினால் கூராக ஏறும் ஒரு முனை, அதன் பின்னால் மணியை அடித்துவிட்டால் அதிர்ந்து அடங்குமே, அப்படி ஒரு வால். முழு நீளம் சுமார் 100 மைக்ரோவினாடி.

இப்போது கணக்கைப் பாருங்கள். 10 மில்லிவினாடியில் 100 மைக்ரோவினாடி என்றால் 1 சதவீதம். 99 சதவீத நேரம் கம்பி துடைத்து வைத்த மாதிரி சுத்தம். ஆனால் என் பாக்கெட் 8 மில்லிவினாடி நீளம், 10-க்கு ஒரு முள், ஆகவே ஏதோ ஓர் இடத்தில் முள் குத்தும் வாய்ப்பு, பாக்கெட்டும் முள்ளும் சேர்ந்த நீளம் 8.1-ஐ 10-ஆல் வகுத்தால் வருவது: 81 சதவீதம்! அடிபடும் பிட்டுகள் நூற்றுக்கு ஒன்று, சாகும் பாக்கெட்டுகள் நூற்றுக்கு 81.

மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம். முள்ளின் திறன் அடிமட்ட இரைச்சலைப் போல 1000 மடங்கு, அதாவது 30 டெசிபல் அதிகம். அது 1 சதவீத நேரம்தான் இருக்கிறது, ஆகவே சராசரி இரைச்சல் சுமார் 11 மடங்கு, அதாவது 10 டெசிபல் கூடுதல். அமைதியான நேரத்தில் உண்மையில் எனக்கு 35 டெசிபல் இருந்தது, முள் குத்தும்போது 5 டெசிபல். மீட்டர் இரண்டையும் கலந்து 25 என்றது. அந்த 25 டெசிபல் கம்பியில் எந்த நொடியிலும் இருந்ததே இல்லை. ஒரு கால் பனிக்கட்டியிலும் ஒரு கால் கொதிநீரிலும் இருப்பவனுக்குச் சராசரி வெப்பநிலை சௌகரியமாக இருக்கிறது என்று சொன்ன கதைதான்.

மறு அனுப்புதல் ஏன் உதவவில்லை என்பதும் இங்கேயே தெரிந்துவிட்டது. டைமர் 50 மில்லிவினாடி. அது 10-இன் மடங்கு. முதல் தடவை பாக்கெட்டின் 600-வது பைட்டில் முள் குத்தியது என்றால் இரண்டாம் தடவையும் அதே 600-க்குப் பக்கத்தில்தான் குத்தும், மூன்றாம் தடவையும். 50-ஐ 52.5 ஆக மாற்றினேன். ஒரு எண், ஒரு வரி. இப்போது நான்கு முயற்சிகளும் முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவிலான 10 மில்லிவினாடியின் நான்கு வெவ்வேறு கால் பகுதியில் விழுகின்றன, முள் படாமல் தப்பும் இடைவெளி 1.9 மில்லிவினாடி, நான்கு தடவைக்கு 7.6. ஆக 76 சதவீதம் தேறியது. குருட்டு அதிர்ஷ்டத்தில் வந்திருக்கக்கூடிய 57-ஐ விடவே அதிகம், ஏனென்றால் இரைச்சலின் நேர அட்டவணை நம் கையில் இருக்கிறது. பாக்கெட்டை 500 பைட்டாக வெட்டினால் இன்னும் நல்லது: 4 மில்லிவினாடி பாக்கெட்டுக்கு நான்கில் ஒரு முயற்சியாவது கட்டாயம் முள்ளில்லாத இடத்தில் விழும். அதையும் செய்தேன்.

இத்தோடு கடையைக் கட்டியிருக்கலாம். ஆனால் அதே இடத்தில் ஒரு மோட்டாரின் கான்டாக்டர் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்ச்) இருக்கிறது, அது எப்போது விழும் எப்போது எழும் என்று யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு தடவையும் காண்டாக்ட் துள்ளித் துள்ளி சுமார் 1 மில்லிவினாடிக்குக் கம்பியில் தீபாவளிதான். இதற்கு அட்டவணை கிடையாது. இந்தக் கம்பியில் போவதோ தாமதம் பொறுக்காத தரவு, நான்கு தடவை அனுப்பிக்கொண்டே இருக்க முடியாது. ஆகவே ரிசீவருக்குள்ளேயே இறங்க வேண்டி வந்தது.

இறங்கியதும் முதலில் உறைத்தது இது: கெட்டவன் இரைச்சல் இல்லை, ரிசீவரின் நம்பிக்கை. தகவல் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த ஷானன் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம், ஒரே திறன் உள்ள இரைச்சல்களில் காஸியன் இரைச்சல்தான் (மணி வடிவ வளைவில் பரவும் சாதாரண இரைச்சல்) சேனலின் கொள்ளளவை, அதாவது பிழையில்லாமல் அனுப்பக்கூடிய உச்ச வேகத்தை, அதிகமாகக் குறைக்கும். அதே திறனை முள் முள்ளாகக் கொடுத்தால் கொள்ளளவு கூடத்தான் செய்யும், குறையாது. அப்படியானால் என் பாக்கெட்டுகள் ஏன் செத்தன? என் ரிசீவர் காஸியனை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. காஸியன் உலகத்தில் 5 சிக்மாவுக்கு (சிக்மா என்பது இரைச்சலின் வழக்கமான ஏற்ற இறக்க அளவு) மேல் ஒரு மதிப்பு வருவது பத்து லட்சத்தில் ஒன்றுகூடக் கிடையாது, 10 சிக்மா என்பது பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வரும். ஆகவே 10 சிக்மாவில் ஒரு மதிப்பு வந்தால் அந்த ரிசீவர் இரைச்சல் என்று சந்தேகப்படவே படாது, 'இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்களே, சிக்னலாகத்தான் இருக்கும்' என்று நம்பிவிடும்.

சின்ன உதாரணம். +1 என்பதை ஐந்து தடவை அனுப்புகிறோம். வந்து சேர்ந்தவை 0.9, 1.1, 0.8, 1.2, கடைசியாக -14. காஸியன் ரிசீவர் என்ன செய்யும்? கூட்டும். முதல் நான்கின் கூட்டல் 4.0, அதோடு -14, மொத்தம் -10. 'அனுப்பியது -1, அதில் சந்தேகமே இல்லை.' நான்கு பேர் அமைதியாக ஒன்றைச் சொல்ல, ஒருவன் கத்தியதும் தீர்ப்பு மாறிவிட்டது. இப்போது +2-க்கு மேல் எது வந்தாலும் +2, -2-க்குக் கீழ் எது வந்தாலும் -2 என்றே எடுத்துக்கொள் என்று ஒரே ஒரு விதி வையுங்கள். 4.0-இலிருந்து 2 போனால் +2.0, விடை சரி. அந்த -14-ஐ அப்படியே பூஜ்யமாக்கினால் +4.0, இன்னும் சரி. வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுத்தால் 0.9, அதுவும் சரி. முதல் வேலைக்குப் பெயர் கிளிப்பிங், இரண்டாவதற்கு பிளாங்கிங், மூன்றாவது மீடியன். மேலே எத்தனை கணிதம் அடுக்கினாலும் இந்தத் துறையின் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

கணிதத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அழகானது. டிகோடருக்கு நாம் கொடுப்பது 'இந்த பிட் 1 என்று எவ்வளவு உறுதி' என்ற ஓர் எண். காஸியன் என்று வைத்துக்கொண்டால் அந்த உறுதி, வந்த மதிப்போடு நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகும், எல்லையே இல்லை. இரைச்சல் லாப்லாஸ் வகை (பெரிய மதிப்புகள் காஸியனைவிட அடிக்கடி வரும், அதாவது வால் கனம்) என்று வைத்து அதே கணக்கைப் போட்டால், +1, -1 சிக்னலுக்கு, அந்தக் கோடு +1-க்கு மேலும் -1-க்குக் கீழும் படுத்துவிடும். அதாவது கிளிப்பிங்! யாரோ குத்துமதிப்பாகச் செய்த வெட்டு இல்லை, சரியான இரைச்சல் மாதிரியை வைத்தால் தானாகவே வந்து விழுகிற விடை. இன்னும் கனமான வால் உள்ள மாதிரிகளை வைத்தால் அந்தக் கோடு ஏறி, உச்சம் தொட்டு, திரும்ப இறங்கும்: கொஞ்சம் பெரிய மதிப்பை நம்பு, ரொம்பப் பெரியதை மறந்துவிடு. அது பிளாங்கிங் பக்கம் போகிறது.

மாதிரிகளில் எது நல்லது என்று என்னைக் கேட்டால் என் பதில் சுருக்கம். மிடில்டன் 1977-இல் கொடுத்த கிளாஸ் ஏ மாதிரி இருக்கிறது, முட்கள் எவ்வளவு அடர்த்தி, பின்னணி இரைச்சலுக்கும் முள்ளுக்கும் விகிதம் என்ன என்ற இரண்டு எண்களில் நிறைய சொல்லிவிடும். ஆல்ஃபா-ஸ்டேபிள் என்று இன்னொன்று, அதில் திறனின் சராசரி முடிவிலி, எழுதப்பட்ட பாதி சூத்திரங்கள் அங்கே செல்லாக்காசு. படிக்க எல்லாம் சுகம். வேலைக்கு நான் எடுத்துக்கொண்டது கில்பர்ட் 1960-இல் சொன்ன இரண்டு நிலை மாதிரிதான்: சேனல் நல்ல நிலையில் இருக்கிறது அல்லது கெட்ட நிலையில் இருக்கிறது, ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தாவ ஒரு வாய்ப்பு. முட்கள் கும்பலாக வருகின்றன என்ற உண்மை இதில் இருக்கிறது. தனித்தனி மதிப்புகளைப் பற்றி மட்டும் பேசும் மாதிரியில் அது இருக்காது.

சரி, வெட்டுவது என்று முடிவு. எந்த அளவில் வெட்டுவது? இங்கே ஒரு நாள் போனது. அடிமட்ட இரைச்சலின் ஆர்எம்எஸ்ஸை (சராசரித் திறனிலிருந்து கிடைக்கும் அளவை) அளந்து அதன் மூன்று மடங்கில் கத்தி வைத்தேன். கான்டாக்டர் விழும்போது ஒன்றுமே வெட்டுப்படவில்லை. ஏன் என்றால் ஆர்எம்எஸ்ஸுக்குள் முட்களும் சேர்ந்துகொண்டு, கத்தியைத் தங்கள் தலைக்கு மேலே தாங்களே தூக்கிக்கொண்டன. திருடனையும் சேர்த்து உட்காரவைத்துத் திருட்டுக்குத் தண்டனை நிர்ணயித்த மாதிரி. மதிப்புகளின் பருமனுக்கு மீடியன் எடுத்து அதை 1.4826-ஆல் பெருக்கினால் (காஸியனுக்கு அது சிக்மாவைத் தரும்) முட்கள் என்ன ஆட்டம் போட்டாலும் எண் அசைவதில்லை. பாதிக்கு மேல் மதிப்புகள் கெட்டால்தான் மீடியன் கெடும், அப்படி ஒரு நாள் வந்தால் எந்த வித்தையும் பலிக்காது.

எங்கே வெட்டுவது என்பது இதைவிட முக்கியம், இதைப் பலர் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். குறுகிய ஃபில்டருக்குப் பிறகு வெட்டினால் காலம் கடந்துவிட்டது. 5 மைக்ரோவினாடி முள்ளை 10 கிலோஹெர்ட்ஸ் அகல ஃபில்டருக்குள் விட்டால் அது உயரம் குறைந்து, சுமார் 100 மைக்ரோவினாடிக்கு விரிந்து, சிக்னலைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வரும். குட்டையாகிவிட்டதால் அடையாளம் தெரியாது, நீளமாகிவிட்டதால் வெட்டினால் சிக்னலும் போகும். ஹாம் ரேடியோக்காரர்கள் தங்கள் செட்டில் நாய்ஸ் பிளாங்கரைக் குறுகிய ஃபில்டருக்கு முன்னால் வைப்பது இதனால்தான். அகலமாக, வேகமாக மாதிரி எடுத்து, முள் ஒல்லியாக இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும்.

முள்ளைக் கிள்ளியாயிற்று, ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் பிறகு 2 மில்லிவினாடி பிழை மழை. இது ஏஜிசி, அதாவது சிக்னலின் பலத்துக்கு ஏற்ப கெயினைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் பகுதி, செய்த வேலை. முள்ளைப் பார்த்ததும் 'அடேயப்பா, சிக்னல் பெருத்துவிட்டது' என்று கெயினைக் குறைத்து, அப்புறம் சோம்பேறித்தனமாக மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தது. 100 மைக்ரோவினாடிக் காயம், 2 மில்லிவினாடிக் காய்ச்சல். கம்பி சிதைத்ததை நேராக்கும் ஈக்வலைசரும் அப்படித்தான், அதற்குள் இருக்கும் எல்எம்எஸ் என்ற கற்கும் முறை தன் பிழையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது, ஒரு பிரம்மாண்டமான பொய்ப் பிழையைக் காட்டினால் கற்றதையெல்லாம் உதறிவிட்டு எங்கோ ஓடிவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்து: முள் என்று கண்டதும் ஒரு கொடியை உயர்த்து, கொடி இருக்கும்வரை ஏஜிசி உறையட்டும், ஈக்வலைசர் கற்பதை நிறுத்தட்டும், பிட்டுகளின் நேரத்தைப் பின்தொடரும் கடிகார லூப் பழைய வேகத்திலேயே ஓடட்டும். என் அனுபவத்தில் பிழைத் திருத்தக் குறியீட்டைவிட இந்தக் கொடிதான் அதிகம் காப்பாற்றியது.

கொடிக்கு இன்னொரு லாபமும் உண்டு. வெட்டிய இடத்தில் இருந்த பிட்டுகள் போனது போனதுதான், அவற்றைத் திரும்பக் கொண்டுவர ரீட்-சாலமன் என்ற பிழைத் திருத்தக் குறியீடு வேண்டும். 1960-இல் வந்த குறியீடு, இன்றும் வேலை செய்கிறது. 255 பைட்டில் 223 தரவு, 32 உபரி என்று எடுத்தால் எங்கே இருக்கிறது என்று தெரியாத 16 பிழை பைட்டுகளைத் திருத்தும். ஆனால் இடம் தெரிந்தால் 32. பாதி உபரி, பிழை எங்கே என்று தேடுவதிலேயே செலவாகிறது. பிளாங்கர்தான் கொடி பிடித்து 'இதோ இங்கே' என்று காட்டுகிறதே, அந்தத் தேடும் செலவு மிச்சம். கெட்டதை நல்லது மாதிரி அனுப்புவதைவிட, இது எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு அனுப்பும் ரிசீவருக்கு இரட்டைப் பலன்.

தைரிஸ்டர் முள் 100 பிட், சுமார் 13 பைட், ஒரு குறியீட்டுச் சொல்லே (மேலே சொன்ன 255 பைட்) அதைச் சமாளித்துவிடும். கான்டாக்டரின் 1 மில்லிவினாடி என்பது 125 பைட். அதைப் பல சொற்களுக்குப் பங்கு போட இன்டர்லீவர் வேண்டும். இடம் தெரியாவிட்டால் 8 சொற்கள், 16 மில்லிவினாடி தாமதம். தெரிந்தால் 4 சொற்கள், 8 மில்லிவினாடி. (அந்த நேரத்துக்குள் தைரிஸ்டர் முட்களும் வந்து தங்கள் பங்குக்கு நாலு பைட்டைத் தின்னும் என்பதை முதல் கணக்கில் மறந்துவிட்டேன், ஆகவே நிஜத்தில் 4 என்பது 6 ஆனது.) சிடியில் நடப்பதும் இதுதான். இரண்டு ரீட்-சாலமன், நடுவில் இன்டர்லீவர், சுமார் 2.5 மில்லிமீட்டர் கீறல் வரை பாட்டு இடறாமல் ஓடும். தாமதத்தைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை, அதனால் தாராளமாகக் கலைத்துப் போட்டார்கள்.

டெலிபோன் கம்பியில் இன்டர்நெட் தரும் டிஎஸ்எல்காரர்கள் இதே அவஸ்தையை எங்களுக்கு முன்பே பட்டவர்கள். மின்சாரத்தோடு ஒத்து அடிக்கும் இந்தத் தொடர் முள்ளுக்கு அவர்கள் வைத்த பெயர் ரெயின் (REIN, திரும்பத் திரும்ப வரும் மின் முள் இரைச்சல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), உச்சரிப்பில் மழை மாதிரியே. அவர்களுடைய டிஎம்டி முறையில் தரவு சிம்பல் என்ற துண்டுகளாகப் போகிறது, வினாடிக்குச் சுமார் 4000, ஆக 100 ஹெர்ட்ஸ் ரெயின் 40 சிம்பலுக்கு ஒன்றைக் கெடுக்கும். அடுத்தடுத்து எத்தனை சிம்பல் வரை போனால் தாங்கும் என்பதையே ஐஎன்பி என்று ஓர் எண்ணாக மோடம் அமைப்பில் வைத்திருக்கிறார்கள். இன்டர்லீவரை ஆழமாக்கினால் பாதுகாப்பு கூடும், விளையாடுகிறவர்கள் பிங் ஏறிவிட்டது என்று திட்டுவார்கள். கடைசியில் 2010-இல் ஜி.998.4 என்ற ஐடியு தரநிலையில் மறு அனுப்புதலையே கீழ் அடுக்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடிபட்டதை மட்டும் திரும்பக் கேள், அடிபடாதபோது யாரும் தாமதம் சுமக்க வேண்டாம். எனக்கு இதில்தான் மனம் ஒப்புகிறது.

தரவைப் பல துணை அலைகளில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பும் ஓஎஃப்டிஎம் பற்றிக் கேட்பீர்கள். ஒரே ஒரு கணத்தில் விழுந்த முள்ளை, ரிசீவரில் அலைகளைப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கு 1024 துணை அலைகளுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடும். முள் சிறியதென்றால் ஆளுக்கு ஒரு துளி, யாருக்கும் வலிக்காது. பெரியதென்றால் ஒருவனுக்கு விழ வேண்டிய அடி 1024 பேருக்கும் விழும், மொத்த சிம்பலும் காலி. வெட்டலாம் என்றால் ஓஎஃப்டிஎம் சிக்னலே இயல்பில் உயர உயரமாக எகிறக்கூடியது, எது சிக்னலின் உச்சி எது முள் என்று கத்திக்குத் தெரியாது. இதற்கு ஜாக் உல்ஃப் 1983-இல் சொன்ன வழி எனக்கு இன்றும் வியப்பு: சில துணை அலைகளைக் காலியாக விட்டு அனுப்பு. ரிசீவரில் அங்கே எது வந்தாலும் அது சிக்னல் இல்லை. முட்கள் சில இடங்களில் மட்டும் இருந்தால், அந்தக் காலி இடங்களில் பதிந்த சுவட்டை வைத்தே முள் எப்போது, எவ்வளவு உயரத்தில் விழுந்தது என்று கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். ரீட்-சாலமன் கணிதமே தான், எண்கள் மட்டும் கலப்பெண்கள் (காம்ப்ளெக்ஸ் எண்கள்). பின்னணி இரைச்சல் கூடினால் கணக்கு ஆட்டம் காணும் என்பது வேறு விஷயம்.

இப்போது எங்கள் கம்பியில் தைரிஸ்டர் ஒரு பாக்கெட்டையும் கொல்வதில்லை. கான்டாக்டர் எப்போதாவது ஒன்று. ஆனால் கொடி எழும் நேரங்களை லாக்கில் பதியவைத்ததில் புதிதாக ஒன்று தெரிகிறது: 3.3 மில்லிவினாடிக்கு ஒரு சின்ன முள், சில மதியங்களில் மட்டும். வினாடிக்கு 300 என்றால் மூன்று ஃபேஸில் ஓடும் ஏதோ ரெக்டிஃபையர். வெல்டிங் மெஷினாக இருக்கும் என்று ஒருவர் சொல்கிறார், பேட்டரி சார்ஜர் என்று இன்னொருவர். இதுவரை பிழை எதுவும் வரவில்லை, ஆனாலும் என் 52.5 மில்லிவினாடி டைமர் இந்த 3.33-க்கு ஒத்துப்போகிறதா என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.